வண்டி ஏறாதவள்

பால்வண்ணம் தன் குடும்பத்தைப் புளியங்குடியிலிருந்து பீகாருக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று, அவன் மனைவி முப்பிடாதி சங்கரன்கோவில் ஸ்டேஷனில் அவனோடு ரயில் ஏறவும் செய்தாள், ஏறாமல் பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்பவும் செய்தாள். ஏறியவள் ஒன்பது வயது மகள் செண்பகத்தை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் பெட்டிகளைச் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். திரும்பியவள் வெறுங்கையோடு புளியங்குடியில் இறங்கி, பக்கத்து வீட்டு இசக்கியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்த சாவியைக் கேட்டு வாங்கி, கதவைத் திறந்து, காலையில் தானே கூட்டிவிட்டுப் போன தரையை இன்னொரு தடவை கூட்டினாள்.

"மதினி, போகலியா?" என்று வாசலில் நின்று கேட்டாள் இசக்கி.

"போயிட்டேன். இங்கயும் இருக்கேன்."

இசக்கி அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டில் அரிசி பருப்பு ஒன்றும் இருக்காதே என்று தன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சோறும் கொஞ்சம் புளிக்குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஊர் இதைச் செரித்துக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. மறுநாள் காலை முப்பிடாதி வழக்கம்போல எலுமிச்சைக் கமிஷன் கடைக்கு வேலைக்குப் போனபோது, அங்கே காய் பொறுக்கும் பெண்கள் முதலில் அவள் பாதத்தைத்தான் பார்த்தார்கள். பாதம் தரையில் இருந்தது. பிறகு அவள் ஒரு மூட்டையை இடுப்பில் ஏற்றித் தராசுக்குக் கொண்டுபோய் இறக்கினாள், பேயாக இருந்தால் இன்னொருத்தர் மூட்டையை எதற்குச் சுமக்கப் போகிறது என்று அவர்கள் சமாதானமாகி அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கடைக்காரர் காசிப்பாண்டியன், காயைக் கையில் எடுத்த மாத்திரத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லும் ஆளை இழந்துவிட்டோமே என்று கவலையில் இருந்தவர், "போனது போகட்டும், இருக்கறது போதும்," என்றார். ரேஷன் கார்டுதான் சிக்கலாயிற்று, பால்வண்ணம் போகும்போது கார்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிப் போயிருந்தான். தாலுகா ஆபீஸில் இருந்த பெரியவர், ஒரே ஆளுக்கு இரண்டு ஊரில் சர்க்கரை கொடுக்க முடியாது, ஆனால் அங்கே சாப்பிட்டால் இங்கே பசி அடங்குகிறதா என்று அவளையே கேட்டார். இல்லை என்று அவள் சொன்னதும் நெடுநேரம் யோசித்துவிட்டுப் புதுக் கார்டு எழுதி, உறுப்பினர் எண்ணிக்கை என்ற இடத்தில் "ஒருவர் (பகுதி)" என்று போட்டுக் கையெழுத்திட்டார். அதற்கப்புறம் தெருவில் 'போன முப்பிடாதி', 'இருக்கிற முப்பிடாதி' என்று இரண்டு பேச்சு வழக்கத்துக்கு வந்தது, கல்யாணப் பத்திரிகை கொண்டு வருகிறவர்கள் இருக்கிறவளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, போனவளுக்கும் சொல்லிவிடுமாறு கேட்டுக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும்தான் தெருவால் செரிக்க முடியவில்லை. செண்பகம் ஒருத்திதான். அவள் முழுசாக ரயிலில் போய்விட்டாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் இருக்கிற முப்பிடாதி வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து வாசலில் நிற்பாள், தெருவில் கடைசிப் பிள்ளை வீடு போய்ச் சேரும்வரை நிற்பாள், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குத் திரும்புவாள். அவள் கண்ணில் படக் கூடாது என்று சில நாள் பெண்கள் தங்கள் பிள்ளைகளை வேறு தெரு வழியாக வரச் சொன்னார்கள், பிறகு அதுவும் கொடுமையாகத் தோன்ற, இசக்கி தன் மகளை அனுப்பி, "அத்தைகிட்ட தலை பின்னிட்டு வா," என்றாள்.

இனி பால்வண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. ஊருக்கு வடக்கே இருந்த சர்க்கரை ஆலையில் எடை மேடைக் கிளார்க்காக இருந்தான், பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வண்டிக் கரும்பைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. ஆனால் அந்த ஊரில் அவனுக்குப் பெயர் இல்லை, முப்பிடாதி வீட்டுக்காரர் என்றுதான் சொல்லுவார்கள். முதியோர் பென்ஷனுக்கு மனு எழுத, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க, அண்ணன் தம்பி சண்டையில் நடுவே போய் உட்கார, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் தேடி வந்தார்கள். வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவது அவன் வேலையாக இருந்தது. ஒருநாள் ஆலை மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். சட்டையை உள்ளே விட்டுத் தலையைச் சீவிக்கொண்டு போனவனிடம் அவர், "கரும்பு வெட்டுற பொம்பளைங்க ஏதோ பிரச்சினை பண்றாங்க, உங்க வீட்டம்மாவக் கொஞ்சம் வந்து பேசச் சொல்லுங்க," என்றார். அந்த வாரமே, கம்பெனியின் வடக்கத்தி ஆலைக்குப் போக விருப்பமுள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பால்வண்ணம் அன்று மத்தியானமே எழுதிக் கொடுத்தான், குடும்பத்துடன் எங்கும் செல்லத் தயார் என்று கடைசி வரியில் எழுதினான்.

வீட்டுக்கு வந்து, "மாத்தல் ஆர்டர் போட்டுட்டான்," என்றான். "போகலேன்னா வேலை போயிரும்."

முப்பிடாதி அவனையே பார்த்தாள். "மாத்த முடியாதா?"

"முடியாது."

அவளை யாருக்கும் தெரியாத ஓர் ஊர், அவளுக்குப் பாஷை புரியாத ஓர் ஊர், உப்பு வேண்டுமென்றாலும் அவனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டிய ஓர் ஊர். இதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது, ஆனால் தனக்குள்ளேகூட அவன் இதை இப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை, பிள்ளை ஹிந்தி படிக்கும் என்று சொல்லிக்கொண்டான்.

மூன்று ரயில் மாறி நாலாம் நாள் கண்டகி ஆற்றங்கரையில் இருந்த ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டி. ஆலை வாசலில் எடை மேடை. புதிதாக வந்திருக்கும் மதராஸி கிளார்க் எப்படி எடை போடுகிறார் பார்ப்போம் என்று அங்கிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வண்டியை ஆள்களோடும் பெட்டிகளோடும் மேடைமேல் ஏற்றினார்கள். பால்வண்ணம் இறங்கிப் போய் எடையைக் குறித்தான். பிறகு செண்பகத்தை இறக்கிவிட்டுக் குறித்தான், பெட்டிகளை இறக்கிக் குறித்தான், கடைசியாக முப்பிடாதியை இறங்கச் சொன்னான். அவள் இறங்கினாள், முள் அசையவில்லை. இன்னும் இரண்டு தடவை அவளை ஏற்றி இறக்கிப் பார்த்தான். வண்டிக்காரன் நேரமாகிறது என்று சொன்ன பிறகுதான் விட்டான்.

அங்கே யாரும் இதற்கு ஆச்சரியப்படவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராம்துலாரி மாலையில் ஒரு செம்பு மோரோடு வந்து, முப்பிடாதி உட்கார்ந்திருந்த கயிற்றுக்கட்டில் கொஞ்சமும் தொய்யாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "நீயும் அப்படி வந்தவள்தானா," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சீமையில் ஆம்பிளைகள் பஞ்சாபுக்கும் கல்கத்தாவுக்கும் போய் வருகிறவர்கள், திரும்பி வருகிறபோது பலர் எடையில்லாமல்தான் வந்தார்கள். "என் வீட்டுக்காரர் வந்து ஆறு வருஷம் ஆச்சு," என்று ராம்துலாரி சொன்னதைப் பால்வண்ணம் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் மனைவிக்கு எடுத்துச் சொன்னான், "மீதி ஆள் இன்னும் லூதியானாவுல கோதுமை அறுத்துக்கிட்டு இருக்காராம்." பிறகு அவள் இரண்டு ஆற்றுக்கல்லைக் கொண்டுவந்து முப்பிடாதியின் முந்தானையில் முடிந்துவிட்டு, வெளியே வரும்போது அவிழ்க்காதே, வைகாசிக் காற்றில் கவனமாக இரு என்று சைகையால் சொன்னாள். பஜாரில் அந்த மாதிரிக் கல்லைப் பாத்திரக் கடையிலேயே வைத்திருந்தார்கள்.

பால்வண்ணத்துக்கு அவன் நினைத்தது நடந்தது. உப்பு வேண்டுமென்றாலும் அவள் அவனிடம் கேட்டாள். பஜாரில் அவன் முன்னே போக அவள் பின்னே வந்தாள், மதராஸி பாபுவின் மனைவி என்று அவளைச் சொன்னார்கள். முதல் ஒரு மாதம் அவன் சந்தோஷமாக இருந்தான், பின்னால் அந்த ஒரு மாதத்தை நினைத்துத்தான் அவன் மிகவும் கூசிப் போனான். என்ன குழம்பு வைக்கலாம் என்று அவன் கேட்டால் உங்க இஷ்டம் என்றாள், பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்றாலும் உங்க இஷ்டம் என்றாள். சண்டை போடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவுமில்லை. தோளில் கை வைத்தால் கொடியில் காயும் துணியில் கை வைத்தது போல இருந்தது.

மூன்றாம் மாதம் ஆலை விலாசத்துக்குக் காசிப்பாண்டியனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தம்பிக்கு எழுதிக்கொண்டது, ஊரில் நல்ல மழை, எலுமிச்சை விலை இறங்கிவிட்டது, தங்கள் மனைவி முப்பிடாதிக்குப் போன வாரம் சளிக் காய்ச்சல் இருந்து இப்போது தேவலை, கவலைப்பட வேண்டாம், தங்களுடன் இருக்கும் முப்பிடாதியும் நலமென்று நம்புகிறோம். பால்வண்ணம் எடை அறையில் நின்று அதை மூன்று தடவை படித்தான். எடை எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கடிதத்தைப் பழைய ரிஜிஸ்தர்களுக்குப் பின்னால் செருகிவிட்டு வெளியே வந்து, வரிசையில் நின்ற வண்டிகளை ஒன்றுமே நடக்காதது போல எடை போட்டான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முப்பிடாதி செண்பகத்தைச் சுவரோரம் நிறுத்தி உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை ஒரு நூலைப் பிடித்து அளந்து வெட்டுவதையும், அந்த நூலைச் சுருட்டி ஒரு கவருக்குள் வைத்து ஒட்டுவதையும் பார்த்தான். கவரின் மேல் பெறுநர் முப்பிடாதி, புளியங்குடி என்று இருந்தது. அனுப்புநரும் முப்பிடாதி. அவள் அதை மறைக்கவில்லை. "தபால்ல போட்டிருங்க," என்று அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் கொண்டுபோய்ப் போட்டான். அன்றைக்கும் அதற்கடுத்த மாதங்களிலும் அப்படி எத்தனையோ கவர்களைப் போட்டான், ஒன்றைப் பற்றியும் அவன் கேட்கவில்லை, கேட்டால் தான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

வைகாசியில் காற்று வந்தது. துணி எடுக்கக் கொல்லைக்குப் போன முப்பிடாதியின் முந்தானை முடிச்சு அவிழ்ந்து கற்கள் விழுந்தன, காற்று அவளை மதில் மேலாகத் தூக்கிக் கரும்புக் காட்டுப் பக்கம் கொண்டுபோயிற்று. செண்பகம் பின்னாலேயே ஓடித் தொங்கிய சேலைத் தலைப்பை எட்டிப் பிடித்துத் தொங்கினாள். வயலில் இருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்து இழுத்து இறக்கினார்கள், ராம்துலாரி முடிச்சு சரியில்லை என்று திட்டிக்கொண்டே கல்லை எடுத்து மறுபடி முடிந்தாள், எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு அது புதிது இல்லை. ஆனால் செண்பகம் மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அம்மாவின் முந்தானையைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போம்மா," என்றான் பால்வண்ணம்.

"நான் போனா அம்மா போயிருவா." பிள்ளை அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க பிடிச்சிக்கிடுவீங்களாப்பா?"

அவன் தட்டில் இருந்த சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். அவன் பின்னாலேயே முப்பிடாதி வந்தாள், பிள்ளையும் கூடவே வந்தது.

"லீவு போட்டு ஒரு தடவ ஊருக்குப் போயிட்டு வாங்க," என்றாள் அவள். "அவளப் பாருங்க. என்ன சொல்லணுமோ அவகிட்டச் சொல்லுங்க. எனக்கு இப்ப எதையும் தாங்கத் தெம்பு இல்ல."

பால்வண்ணம் புளியங்குடியில் இறங்கியபோது பகல் பதினோரு மணி. தெருவில் எல்லாரும் சவுக்கியம் விசாரித்தார்கள், போன முப்பிடாதி எப்படி இருக்கிறாள் என்றும் விசாரித்தார்கள். இருக்கிற முப்பிடாதி கடையிலிருந்து வந்து, விருந்தாளிக்குச் செய்வது போல நாற்காலி எடுத்துப் போட்டு, காப்பி கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததில் பாய் அழுந்தியதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வருஷமாக அவன் அதைப் பார்க்கவில்லை. அடுக்களை நிலையில் ஓர் ஆணியில் நூல்கள் தொங்கின, பத்துப் பதினொன்று இருக்கும், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் நீளம்.

"கடைவாய்ப் பல்லு விழுந்துட்டா அவளுக்கு?" என்று கேட்டாள். "எழுதியிருந்தா, ஆடுதுன்னு."

"விழுந்துட்டு."

"வலிச்சுதாமா?"

"தெரியல. என்கிட்டச் சொல்லல."

காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன், "முப்பிடாதி, நீயும் வந்திரு," என்றான். "அவ காத்துல போறா. பிள்ள பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது. நீ வந்தாச் சரியாயிரும்."

"நான் வண்டி ஏறினா மறுபடியும் இங்க ஒருத்தி நிப்பா. அது என் கையில இல்ல. இருந்தா என் பிள்ளைய விட்டுட்டு நான் இங்க நின்னிருப்பேனா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொல்ல வேண்டியதைத் தரையைப் பார்த்துத்தான் சொன்னான். "அது ஆர்டர் இல்ல. நானா எழுதிக் கொடுத்தேன்."

"தெரியும்."

அவன் நிமிர்ந்தான்.

"நீங்க எழுதினதோட நகல் சட்டப் பையில இருந்துச்சு. துவைக்கைல பாத்தேன். கெளம்புறதுக்கு ரெண்டு நாள் முந்தி."

"பெறகு ஏன் கேக்கல?"

"கேட்டேனே. மாத்த முடியாதான்னு கேட்டேன். முடியாதுன்னீய. அந்த நகலப் பாத்த பெறகும் கேட்டேன், வண்டி வாரதுக்கு முந்தி பிளாட்பாரத்துல வச்சு. அப்பவும் அதத்தான் சொன்னீய." அவள் குரல் உயரவில்லை. எலுமிச்சைச் சாறு பட்டுப் பட்டு வெடித்திருந்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க ஏன் போகணும்னு நெனச்சீயன்னும் எனக்குத் தெரியும். நாற்காலி எடுத்துப் போடயில உங்க மூஞ்சிய நான் பாக்காமலா இருந்தேன். அத நான்தான் சரி பண்ணியிருக்கணுமோன்னு இங்க உக்காந்து எவ்வளவோ நாள் யோசிச்சேன். ஆனா ஒண்ணு. எனக்கு இங்க மூச்சு முட்டுது, என்கூட வாரியான்னு நீங்க நேரா கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா முழுசா வந்திருப்பேனோ என்னமோ. வர மாட்டேன்னு சொல்லியிருப்பேனோ என்னமோ. இப்ப எனக்கே தெரியல. அதத் தெரிஞ்சிக்கிட முடியாமப் பண்ணிட்டீய, அதுதான் எனக்கு ஆறல."

பால்வண்ணம் அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை, எழுந்தும் போகவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வந்ததும் வழக்கம்போல வாசலுக்குப் போய் நின்றாள், இரண்டு சிறுபிள்ளைகள் சீப்பும் ரிப்பனுமாக வந்தார்கள், உட்கார வைத்துப் பின்னிவிட்டாள்.

நாலு நாள் கழித்து ஆலைக்குத் திரும்பியவன், குவார்ட்டர்ஸில் செருப்பைக் கழற்றிய கையோடு போன முப்பிடாதியின் எதிரே உட்கார்ந்து, நகல் விஷயத்தை அவளிடமும் முதலிலிருந்து சொன்னான். அவளுக்குத் தெரிந்த விஷயம்தான் என்றாலும் சொன்னான். பிறகு, "இப்ப என்ன செய்யலாம்? உங்க இஷ்டம்னு மட்டும் சொல்லாத. நீ சொல்லு, அப்படியே செய்யுதேன்," என்றான்.

அவள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டு நாளும் அவள் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு நடந்தாள், ஒரு தடவை பாத்திரத்தை நங்கென்று வைத்தாள், செண்பகம் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை, "பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போறேன்," என்றாள்.

"நானும் திரும்ப மாத்தல் கேக்கேன்."

"கேளுங்க. கெடச்சா வாங்க. அதுக்காக நான் நிக்க மாட்டேன்."

கேட்டுப் பார்த்தான். தெற்கே இடம் காலியில்லை, விரும்பித்தானே வந்தீர்கள், குறைந்தது மூன்று வருஷம் இருந்தாக வேண்டும் என்றார்கள். மறுபடி லீவு போட்டு, இருவரையும் ஊரில் கொண்டுபோய் விட அவனும் கிளம்பினான். ராம்துலாரி வழியனுப்ப ஸ்டேஷன் வரை வந்து, ரயிலுக்குள்ளும் காற்று அடிக்கும் என்று கல்லைக் கடைசியாக ஒரு தடவை இறுக்கி முடிந்துவிட்டு, முப்பிடாதியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அவர்கள் வருவது தெரிந்து புளியங்குடியில் தெருவே வாசலில் கூடியிருந்தது, இரண்டு பேரும் சந்திப்பதைப் பார்க்க வேண்டும் என்று காசிப்பாண்டியன்கூடக் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். ஆனால் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. போன முப்பிடாதி, முந்தானையை மணிக்கட்டில் சுற்றியிருந்த பிள்ளையோடு உள்ளே போனாள், இருக்கிற முப்பிடாதி அடுக்களையில் இருந்தாள், கதவு ஒருக்களித்திருந்தது, கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தமோ அழுகைச் சத்தமோ ஏதோ ஒன்று கேட்டது. பிறகு ஒரே முப்பிடாதி ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து அவனிடம் நீட்டினாள். தரை அதிர நடந்து வந்தாள். வந்தது இவளா அவளா என்று பால்வண்ணத்துக்குத் தெரியவில்லை, அதைக் கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று மட்டும் தெரிந்தது. கூட்டம் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கலைந்தது. தாலுகா ஆபீஸ் பெரியவர் பிறகு கார்டை வாங்கி, 'பகுதி' என்ற சொல்லை அடித்துவிட்டு, ஒருவர் என்பதை இருவர் என்று திருத்திக் கொடுத்தார்.

நாலு நாள் கழித்து அவன் லீவு முடிந்தது. அம்மாவும் மகளும் சங்கரன்கோவில் வரைக்கும் வந்தார்கள். பிளாட்பாரத்தில் வைத்து, அங்கே வெந்நீர் போட்டுக் குளிங்க, ஊறுகாய் பாட்டிலை நிமிர்த்தி வையுங்க என்று அவள் சொன்னாள். வண்டி வந்ததும் அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். இந்த ஊரில் பிறந்தவன்தானே நான், இங்கே கொஞ்சமாவது ஒட்டியிருக்க மாட்டேனா என்று ஓர் ஆசை அவனுக்கு இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை.

வண்டி நகர்ந்தபோது கம்பியில் முகத்தை வைத்துத் திரும்பிப் பார்த்தான். முப்பிடாதி நின்றாள், செண்பகம் நின்றாள். செண்பகத்தின் ஒரு கை அம்மாவைப் பிடித்திருந்தது. மறுகையைப் பிள்ளை யாரோ பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது போலப் பக்கவாட்டில் கொஞ்சம் நீட்டி வைத்திருந்தாள், அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பியும் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. கடைசிப் பெட்டி கடந்து போகிற வரைக்கும் அப்படியே வைத்திருந்துவிட்டுப் பிறகு கையை மடக்கிக்கொண்டாள்.